நாயின் மெய்ப்பாடு

எங்கள் வீட்டு நாயின் பெயர் டைகர். பெயர் வைத்தது மகள். நாட்டு நாய்தான்; காப்பிக்கொட்டை நிறம், ஒரு காது நிற்கும், இன்னொன்று மடிந்து தொங்கும். கோத்தகிரிக்குப் பக்கத்தில், அரவேணுவைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்தை ஒட்டினாற்போல இருக்கிறது வீடு. காஸ் வண்டி வந்தால் குரைப்பான். பச்சைத்தேயிலை ஏற்றும் லாரி வந்தால் குரைப்பான். எதிர்வீட்டுச் சேவல் சும்மா நின்றாலும் குரைப்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு நவம்பர் மாதச் சாயங்காலம் சத்தமே போடாமல் பின்னோக்கி நடந்து வந்தான். மேகமூட்டம் வாசல் வரைக்கும் இறங்கியிருந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. முதுகு தாழ்ந்து, கால்கள் பாதி மடங்கி, யாரோ மேலிருந்து அழுத்துவது போல நடந்தான். சரிவை ஒருமுறை பார்ப்பது, கதவை ஒருமுறை பார்ப்பது. குளிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்தில் இலை பறித்துவிட்டு ஏறி வந்தார். முப்பது வருடமாக இந்தச் சரிவில் வேலை பார்ப்பவர். சரிவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, டைகரைத்தான் பார்த்தார். "தம்பி, இவன உள்ள கூப்பிட்டுக் கதவச் சாத்துங்க. சிறுத்தை பக்கத்துலதான் நிக்குது."

மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடி ஈரமண்ணில் கால்தடம் இருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "காட்டுமாடுன்னா விடாமக் குரைப்பான். கரடின்னா தள்ளி நின்னுகிட்டுக் கத்துவான். வாயே தெறக்கலன்னா அதுதான்."

நாய்க்கு உணர்ச்சி உண்டா என்று அந்த அக்காவிடம் கேட்டால் சிரிப்பார். ஆனால் படித்தவர்கள் இந்தக் கேள்வியோடு நானூறு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட், விலங்குகளைக் கடிகாரம் போன்ற இயந்திரங்கள் என்று கருதினார். 1872-இல் சார்லஸ் டார்வின் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை எப்படி வெளிக்காட்டுகிறார்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். அதில் நாய்களுக்குப் பெரிய இடம் உண்டு. அதன் பிறகும், 20-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம், விலங்கின் மனதைப் பற்றிப் பேசினாலே அது அறிவியல் இல்லை என்று ஒதுக்கினார்கள். 2012-இல்தான் கேம்பிரிட்ஜில் கூடிய மூளை ஆய்வாளர்கள், பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் பிரக்ஞை உண்டாவதற்கு வேண்டிய மூளை அமைப்பு இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டார்கள். அக்காவுக்கு அந்த அறிக்கை தேவைப்படவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம்.

உணர்ச்சி என்பது எது?

இருட்டில் நடந்து போகும்போது பாதையில் கிடக்கும் ஹோஸ் பைப்பைப் பாம்பென்று நினைத்துத் துள்ளிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அந்த ஒரு நொடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் கண்ணில் ஏதோ படுகிறது. "ஆபத்து" என்று மூளை கணக்குப் போடுகிறது. அடுத்து உடம்பு தயாராகிறது: நெஞ்சு அடிக்கிறது, வாய் உலர்கிறது, மயிர் சிலிர்க்கிறது. அப்புறம் கால் தானாகத் துள்ளுகிறது. கடைசியாகத்தான் "ஐயோ, பயந்தே போய்விட்டேன்" என்ற நினைப்பு வருகிறது.

உணர்ச்சி என்ற ஒரே சொல்லுக்குள் இந்த நான்கும் இருக்கின்றன. முதல் மூன்றை வெளியிலிருந்து அளந்துவிடலாம். நான்காவது, அதாவது உள்ளே அது எப்படி இருக்கிறது என்பது, அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரியும். பக்கத்தில் நிற்கும் மனிதருடைய பயத்தைக்கூட அவர் சொல்லித்தான், அல்லது அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம் நம்புகிறோம். நாயால் வாயால் சொல்ல முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த முதல் மூன்றும் நாய்க்கு அப்படியே இருக்கின்றன. ஆபத்தைக் கணக்குப் போடுவதில் நமக்கு முக்கியப் பங்கு வகிக்கும் அமிக்டலா என்ற பாதாம்பருப்பு வடிவப் பகுதி நாயின் மூளையிலும் உண்டு. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி நமக்கும் அதற்கும் ஒரே அட்ரினலினையும் கார்ட்டிசாலையும்தான் ஊற்றுகிறது. மருந்துகூட ஒன்றுதான். தனியாக விட்டுவிட்டுப் போனால் கதவைப் பிறாண்டி, ஊளையிட்டு, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழிக்கும் நாய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் தரும் மருந்துகளில் ஒன்று ஃப்ளூஆக்ஸெடின். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மனிதர்கள் சாப்பிடும் அதே மருந்து. பூட்டு வேறாக இருந்தால் சாவி பொருந்துமா?

ஆகவே பயம், கோபம், மகிழ்ச்சி, பற்று போன்ற அடிப்படை உணர்ச்சிகள் நாய்க்கு உண்டு என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. சண்டை அதற்கு மேலே இருப்பவற்றைப் பற்றி. குற்றவுணர்வு, வெட்கம், பெருமை இவற்றுக்கெல்லாம் "நான் இப்படிச் செய்துவிட்டேனே, மற்றவர் என்ன நினைப்பார்" என்று தன்னைத் தானே வெளியே நின்று பார்க்கத் தெரியவேண்டும். மனிதக் குழந்தைக்கே அது பிறந்தவுடன் வருவதில்லை. நாயின் மனத்திறனை இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தையோடு ஒப்பிடுவது வழக்கம். அந்த வயதுக் குழந்தை பயப்படும், கோபப்படும், அம்மாவைக் கண்டால் துள்ளும். செய்த தப்பை நினைத்து ராத்திரி தூங்காமல் புரளாது.

எட்டில் எத்தனை?

இதைப் பேசத் தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது: மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உள்ளே எழுவது உடம்பில் தோன்றுவது மெய்ப்பாடு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). மனிதர்களுக்காக, அதுவும் கவிதைக்காகச் சொன்னது. இருந்தாலும், வாய் பேசாத பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான அணுகுமுறை எனக்குத் தெரியவில்லை. டைகர் தன் மனதைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. மெய்யில் தோன்றுவதைத்தான் பார்க்க முடியும்.

எட்டிலும் அச்சம்தான் நாயிடம் அச்சாகப் பொருந்துகிறது. அச்சம் நான்கு காரணங்களால் வரும் என்கிறது அந்த நூல்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கண்ணுக்குத் தெரியாத சக்தி, மிருகம், திருடர், தன்னை ஆள்பவர். டைகரின் வாழ்க்கையை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சிறுத்தைக்குப் பயப்படுகிறான், அது விலங்கு. ராத்திரி முன்பின் தெரியாத ஆள் வந்தால் குரைத்துக்கொண்டே பின்வாங்குகிறான், அது கள்வர். இடி இடித்தாலோ, தோட்டத்துக்குள் வந்த காட்டுமாட்டை விரட்ட யாராவது பட்டாசு போட்டாலோ கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத அந்தச் சத்தம் அவனுக்கு அணங்குதான். நான்காவது, தம் இறை. அது நான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றவற்றில் வெகுளியும் உவகையும் சந்தேகமில்லாமல் உண்டு. பெருமிதம்தான் இடிக்கிறது. கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை என்ற நான்கினால் பெருமிதம் வருமாம். தறுகண்மை சேவலிடம் காட்டுவான். கொடை? இதுவரை ஒரு எலும்பைக்கூட அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வர்க்கி தின்றது யார்?

போன வருடம் ஊட்டியிலிருந்து வாங்கி வந்த வர்க்கிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பொட்டலம் கிழிந்து, தரையெல்லாம் தூள். மூலையில் டைகர். தலை குனிந்து, காதுகள் பின்னால் படிந்து, கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிய, வாலை நுனியில் மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பாத்தியா, தப்புப் பண்ணிட்டோம்னு அவனுக்கே தெரியுது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நன்றாகத் திட்டினேன்.

மாலையில் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். காலையில் அவசரத்தில் பொட்டலத்தைக் கிழித்து இரண்டை எடுத்துக்கொண்டது தான்தான் என்றாள். மீதியைத் தள்ளிவிட்டது பூனை. அதன் மீசையில் நெய்த்தூள் அப்படியே இருந்தது. டைகர் ஒன்றையும் தொடவில்லை.

அப்படியானால் அந்த முகம்?

நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட பரிசோதனை இதே கதைதான். பதினான்கு நாய்கள். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தின்னக் கூடாது" என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போவார். அவர் இல்லாதபோது சிலமுறை நாய்க்குத் தின்பண்டத்தைத் தின்னக் கொடுத்துவிடுவார்கள். சிலமுறை கொடுக்காமல் எடுத்துவிடுவார்கள். திரும்பி வரும் வளர்ப்பவரிடம் சிலசமயம் உண்மையும் சிலசமயம் பொய்யும் சொல்லப்படும். நாய் தின்றுவிட்டது என்று கேட்டவர் திட்டுவார், தின்னவில்லை என்று கேட்டவர் கொஞ்சுவார். முடிவு என்ன தெரியுமா? தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்ற முகத்துக்கும்' சம்பந்தமே இல்லை. திட்டு விழுந்தால் முகம் வந்தது. அதிலும் தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகமாக வந்தது.

திட்ட வாய் திறப்பதற்கு முன்பே முகம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். நானும் கேட்டேன். ஆனால் நம் நடையே மாறிவிடுகிறது. வாசலில் சட்டென்று நின்றுவிடுகிறோம், மூச்சை இழுக்கிறோம், குரல் வருவதற்கு முன்பே தோள் விறைக்கிறது. கோபமுகத்துக்கும் சிரித்தமுகத்துக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியும் என்பது பல பரிசோதனைகளில் நிரூபணமான விஷயம். தரையில் தூள், வாசலில் இவர் என்ற இரண்டும் சேர்ந்தால் அடுத்து என்ன வரும் என்று பழகிய நாய் அறியும். யார் கொட்டினார்கள் என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

அதாவது நான் பார்த்தது குற்றவுணர்வு இல்லை. அச்சத்தின் நான்காவது காரணம். அன்றைக்கு ராத்திரி மீதியிருந்த வர்க்கி முழுவதும் டைகருக்குத்தான் போனது. எனக்குத்தான் குற்றவுணர்வு.

நடைமுறையில் இதனால் ஒரு பயன் உண்டு. மணிக்கணக்கு கழித்து வந்து திட்டுவதால் நாய் எதையும் கற்றுக்கொள்வதில்லை. நீங்கள் வீடு திரும்புவதே பயப்பட வேண்டிய விஷயம் என்பதை மட்டும் கற்றுக்கொள்கிறது.

வால், அப்புறம் மற்றவை

வாலாட்டினால் சந்தோஷம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாதி உண்மை. நாயோடு பழகிய பழைய தமிழில் வால் குழைத்தல் என்றும் ஒரு சொல் உண்டு. எறிந்த வேல் உடம்பில் குத்தி நிற்கும்போதும் எஜமானைப் பார்த்து வால் குழைக்கும் நாய் ஒன்று நாலடியாரில் வருகிறது. நட்புக்கு உதாரணமாகச் சொன்னது. ஆனால் வேல் குத்தி நிற்கும் நாய் மகிழ்ச்சியாகவா இருக்கும்? தாழ்ந்த வால், குழைந்த அசைவு: "என்னை ஒன்றும் செய்துவிடாதே" என்பதற்கும் நாயிடம் அதே வால்தான் இருக்கிறது. நாம் திட்டும்போது ஆடும் வாலும் இந்த வகை.

வாலில் முதலில் உயரத்தைப் பாருங்கள். இடுப்பு மட்டத்தில் தளர்வாக, பின்பக்கம் முழுவதும் சேர்ந்து ஆடினால் உவகை. கொடிக்கம்பம் போல விறைத்து நின்று, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் அது நட்புக்கான அழைப்பு இல்லை, விலகி நில்லுங்கள். கால்களுக்கு நடுவில் போனால் அச்சம். ஒவ்வொரு நாய்க்கும் இயல்பான வால்நிலை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. நம் நாட்டு நாய்களில் பலவற்றுக்குச் சும்மா இருக்கும்போதே வால் மேலே சுருண்டிருக்கும்.

2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் முப்பது நாய்களைப் படம்பிடித்து ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். வளர்ப்பவரைக் கண்டால் வால் நாயின் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடுகிறது. மிரட்டும் அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம். மூளையின் இரண்டு பாதிகளும் வேறுவேறு உணர்ச்சிகளில் முன்நிற்பதால் இப்படி. நான் டைகரிடம் பார்க்க முயன்றேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. வீடியோவை மெதுவாக ஓட்டினால்தான் தெரியும். ஆகவே தெருவில் நாயைக் கண்டதும் வலமா இடமா என்று ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள்.

பிடரி மயிர் சிலிர்த்தால் கோபம் என்பதும் அரைகுறை உண்மைதான். நமக்கு மயிர்க்கூச்செறிவது பயத்திலும் வரும், பரவசத்திலும் வரும், குளிரிலும் வரும். நாய்க்கும் அப்படி, ஏதோ ஒன்று அதை உசுப்பிவிட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது சின்னச் சின்ன அடையாளங்களை. தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி. எதுவும் தின்னாமலே நாக்கால் மூக்கை ஒரு நக்கு. முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொள்வது. நனையாமலே உடம்பை உதறுவது. இவையெல்லாம் பெரும்பாலும் தர்மசங்கடத்தின் மெய்ப்பாடுகள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக் குழந்தைகள் டைகரைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வாய் மூடியிருக்கும், காது பின்னால் போயிருக்கும், கண் வெள்ளை தெரியும். குழந்தை சிரிக்கிறது; நாய் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

எந்த அடையாளத்தையும் தனியாக எடுத்துப் பொருள் சொல்லாதீர்கள் என்பதற்கு எங்கள் ஊர்க் குளிரே சாட்சி. ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில் டைகர் நடுங்குவான், வாலை ஒடுக்குவான், கூனிக்கொள்வான். புத்தகப்படி அச்சம். அடுப்பங்கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அச்சம் பறந்துவிடும்! சமவெளியில் வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைக்கும் நாய் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கோத்தகிரிக் குளிரில், ஓடாமல் ஆடாமல் இருக்கும் நாய் அதேபோல இரைத்தால் அது பதற்றமாகவோ வலியாகவோ இருக்கலாம். உடம்பு முழுவதையும், சுற்றி என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

குரைப்புக்கும் இது பொருந்தும். ஹங்கேரியில் 2005-இல் ஒரு பரிசோதனை நடந்தது. மூடி (Mudi) என்ற மேய்ச்சல் நாயினத்தின் குரைப்புகளைப் பதிவு செய்து, ஆட்களுக்குப் போட்டுக்காட்டினார்கள்: அந்நியரைப் பார்த்துக் குரைத்தது, விளையாடும்போது குரைத்தது, தனியாகக் கட்டிப்போட்டபோது குரைத்தது. நாயே வளர்க்காதவர்கள்கூடக் குருட்டுயூகத்தைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். தாழ்ந்த, கரடுமுரடான, இடைவெளி இல்லாத குரைப்பு மிரட்டல். கீச்சென்ற, விட்டுவிட்டு வரும் குரைப்பு தனிமை அல்லது விளையாட்டு. அக்காவின் காட்டுமாடு, கரடிக் கணக்கும் இந்த வகைதான், முப்பது வருடப் பதிவோடு.

உறுமலை அடக்காதீர்கள்

நாய் உறுமினால் பல வீடுகளில் ஒரு அடி விழும். நாயின் கோணத்தில் உறுமல் என்பது மிகவும் மரியாதையான செயல். கடிக்காமல் விஷயத்தை முடிக்கப் பார்க்கிறது. கொட்டாவி விட்டுப் பார்த்தது, முகத்தைத் திருப்பிப் பார்த்தது, யாரும் கேட்கவில்லை, உறுமுகிறது. அதற்கு அடி விழுந்தால் பயம் குறையாது, உறுமல் மட்டும் நின்றுவிடும். அடுத்தமுறை முன்னறிவிப்பே இல்லாமல் பல் படும். "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு" என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றுக்கு இப்படி ஒரு முன்கதை இருக்கும்.

எப்போதும் சாதுவாக இருந்த நாய், தொட்டால் மட்டும் உறுமத் தொடங்கினால் வலி இருக்கிறதா என்று பாருங்கள். டைகர் ஒருமுறை தலையைத் தடவவே விடவில்லை. என்ன திமிர் என்று நினைத்தேன். கால்நடை மருத்துவர் மடிந்த காதைத் தூக்கிக் காட்டினார், உள்ளே சீழ்.

கடிபட்டால் தாமதம் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டதே இந்த நோய்க்காகத்தான். நாயின் குணம் காரணமில்லாமல் தலைகீழாக மாறி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் திணறினால் அது உணர்ச்சிப் பாடம் படிக்கும் நேரம் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டாசுக்கோ இடிக்கோ நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் இன்னும் கூடிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிஸ்கட் கொடுத்தால் உட்காரப் பழகும், அது செயல். பயம் செயல் இல்லையே, பரிசு கொடுத்து வளர்ப்பதற்கு? அது தேடிவந்தால் பக்கத்தில் இருங்கள். கட்டிலுக்கு அடியில்தான் நிம்மதி என்றால் அங்கேயே இருக்கட்டும், இழுக்காதீர்கள்.

பாசமா, சோறா?

"சோறு போடுறோம், அதான் சுத்திச் சுத்தி வருது" என்று சொல்பவர்கள் உண்டு. கொல்கத்தாவில் உள்ள ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு இதைத் தெருநாய்களிடமே சோதித்தது. வளர்ப்பு நாயாக இருந்தால் பழக்கம் என்று சொல்லிவிடலாம். தெருநாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் சில நாய்களுக்கு உணவு கொடுத்தார், சிலவற்றை மூன்று முறை தலையில் தடவினார். திரும்பத் திரும்பச் சந்தித்தபின் நாய்கள் அதிகம் நம்பி வந்தது தடவியவரிடம். 2017-இல் வெளியான முடிவு இது. பசியோடு திரியும் நாயிடம் கிடைத்த விடை என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடாசின் கூடுகிறது. தாய் குழந்தையைப் பார்க்கும்போது ஊறும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. அந்தப் பார்வைக்குத் துணையாக ஒரு தசையும் இருக்கிறது: புருவத்தின் உள்முனையை உயர்த்தி, கண்ணைப் பெரிதாக்கி, "பாவம்" என்று நம்மைச் சொல்லவைக்கும் தசை. நாய்களிடம் நன்றாக வளர்ந்திருக்கும் அது, ஓநாயிடம் பேருக்குத்தான் உண்டு. பல்லாயிரம் வருடம் நம்மோடு இருந்ததில் நம் மனதை உருக்கும் முகம் எதுவோ, அந்த முகம் தங்கிவிட்டது. டைகர் மீன்குழம்பு நாளில் இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் செய்தது. மயக்கமருந்து இல்லாமல், கட்டிப்போடாமல், எம்ஆர்ஐ கருவிக்குள் நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கினார். காதுக்கு உறைகூட உண்டு. 2015-இல் வெளியான ஒரு ஆய்வில் பன்னிரண்டு நாய்களுக்கு ஐந்து வாசனைகள் காட்டப்பட்டன: தன்னுடையது, பழகிய நாய், பழகாத நாய், பழகிய மனிதர், பழகாத மனிதர். நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு தொடர்புடைய மூளைப்பகுதி மிக அதிகமாக விழித்தது பழகிய மனிதரின் வாசனைக்கு. அந்த மனிதர் அந்த அறையிலேயே இல்லை. கையில் பிஸ்கட்டும் இல்லை. வெறும் வாசனை.

அழுகைக்குத் தொல்காப்பியம் சொல்லும் நான்கு காரணங்களில் ஒன்று இழவு. நாய்க்கு அது உண்டா என்றால் அடையாளங்கள் இருக்கின்றன. 2022-இல் இத்தாலியில் இரண்டு நாயாவது வளர்த்து ஒன்றை இழந்த நானூற்றுச் சொச்சம் பேரிடம் கேட்டபோது, மிஞ்சிய நாய் விளையாட்டைக் குறைத்தது, மனிதரை அதிகம் ஒட்டிக்கொண்டது என்று பெரும்பாலோர் சொன்னார்கள்; சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. கவனம்: சொன்னவர்களும் துக்கத்தில் இருந்தவர்கள். நம் கண்ணீர் வழியாக நாயைப் பார்த்தோமா, நாயே அப்படித்தான் இருந்ததா என்று பிரிப்பது கடினம்.

அக்கா வீட்டில் வெள்ளச்சி என்று ஒரு நாய் இருந்தது. டைகருக்கு அவளோடுதான் விளையாட்டு. முன்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, "வா பார்க்கலாம்" என்று அழைப்பான். அடுத்த நொடி இரண்டும் தேயிலை வரிசைக்குள் மறைந்துவிடும். மார்ச் மாதம் ஒரு ராத்திரி சிறுத்தை அவளைத் திண்ணையிலிருந்து கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு டைகர் எங்கள் வீட்டுக்குள் இருந்தான். ராத்திரி முழுக்கக் குரைக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் கதவைத் திறந்ததும் அக்கா வீட்டு விறகுக் கட்டுக்குப் போகிறான். அவள் படுக்கும் சாக்கு அங்கே கிடக்கிறது. மூக்கை வைத்து நெடுநேரம் மோந்துவிட்டு, அதன் ஓரமாக, மேலே படாமல், படுத்துக்கொள்கிறான். அவன் மனதில் அப்போது என்ன ஓடுகிறது என்பதற்கு எந்தப் பெயரும் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வால் ஆடவில்லை, காது நிற்கவில்லை என்று மட்டும் எழுத முடியும்.

மழைக்கு முன்னால் வாசலைக் கழுவிய அக்கா, எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார். அந்தச் சாக்கை மட்டும் துவைக்கவில்லை. "இருக்கட்டும் தம்பி, வாசம் போயிரும்" என்றார்.